காணாமல் போனவன் வந்து பார்த்த படம்

1

படத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எங்களோடு படித்த நாலைந்து பேர், “அது இன்னார் பைத்தியமாக அலைந்த படமல்லவா” என்று உடனே ஆளைப் பிடித்துவிடுவார்கள். இதில் வரும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். இடங்களை மாற்றவில்லை. லண்டனில் தமிழர் இருக்கிற இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை.

என் அறுபத்துமூன்றாவது பிறந்தநாளுக்கு மகள் அபி ஒரு சினிமா ரிக்கெற் அனுப்பினாள். முன்பெல்லாம் பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வருவாள். பிறகு சில வருடங்கள் கேக் மட்டும் வந்தது. இந்த முறை கைத்தொலைபேசியில் கறுப்புப் புள்ளிகள் நிறைந்த ஒரு சதுரம் வந்தது. அதைக் காட்டினால் வாசலில் விடுவார்களாம்.

“அப்பா, எயிட்டி இயேர்ஸ் ஆகுதாம். நியூ பிரின்ற். யூ ஓல்வேஸ் டோக் அபௌற் இற்,” என்றாள். “நானும் வாறன். ஞாயிறு மத்தியானம்.”

அமெரிக்காவில் எடுத்த கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படம் அது. ஒரு நாவலைத் தழுவி எடுத்தது. தொப்பியும் நீண்ட கோட்டும் போட்ட ஒரு துப்பறிவாளன், மழை, சிகரெட் புகை, ஜன்னல் மறைப்பின் நிழல் கோடு கோடாக விழும் முகங்கள். இந்த வகைக்கு ‘நுவார்’ என்று பெயராம், அபி சொன்னாள். அவள் அதைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடமாகவே படித்தவள். நாங்கள் யாழ்ப்பாணத்தில் அதைத் துப்பறியும் படம் என்றுதான் சொன்னோம்.

நாங்கள் என்றால் நானும் ரகுவும்.

2

எண்பதுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாண நகரில் தனியார் வகுப்புகள் நடக்கும் ஒரு ரியூற்றறியின் தகரக் கொட்டகையில் அந்தப் படத்தைப் பார்த்தோம். கொழும்பிலிருந்து யாரோ படச்சுருளை ரயிலில் கொண்டுவந்திருந்தார்கள். வெள்ளை வேட்டிதான் திரை. கதாநாயகனின் ஆங்கிலம் பாதி விளங்கவில்லை. புரொஜெக்டரின் சத்தம் மீதியையும் விழுங்கிவிட்டது. ஆனாலும் வெளியே வந்தபோது ரகு என் சைக்கிள் ஹான்டிலைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் விடவில்லை. அவன் நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைபவனாகச் சேர்ந்திருந்த காலம். படமெடுத்தவன் நிழலை எங்கே வைத்தான், வெளிச்சக் கோட்டை எங்கே வெட்டினான் என்று சொல்லிக்கொண்டே போனான்.

பிறகு கொழும்பில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்த நாவலையே கண்டுபிடித்து வந்தான். அட்டை இல்லை. அகராதியை வைத்துக்கொண்டு இருவரும் மாறி மாறி வாசித்தோம். என்னுடைய முதல் ஆங்கிலம் அந்த நாவலின் ஆங்கிலம்தான். அதன் பலனை ஹீத்ரோவில் அனுபவித்தேன். “நீ சொல்வது உண்மையா?” என்று கேட்ட அதிகாரியிடம், “ஐ ஆம் ஒன் த லெவல், மிஸ்ரர்” என்றேன். நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு அந்த நாவலில் ரௌடிகள் அப்படித்தான் சொல்வார்கள். அதிகாரி பேனையை வைத்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரனையும் கூப்பிட்டு இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். சொன்னேன். இருவரும் சிரித்தார்கள். அகதியாக வந்தவனின் முதல் அரை மணி நேரம் அது.

கதை இதுதான். ஒரு பணக்காரப் பெண்ணின் கணவன் காணாமல் போய்விடுகிறான். தேடித்தரும்படி அவள் துப்பறிவாளனை அமர்த்துகிறாள். அவன் ஊர் ஊராக அலைந்து, கடைசியில் ஒரு துறைமுகப் பட்டினத்தில் ஆளைக் கண்டுபிடிக்கிறான். கணவன் வேறு பெயரில் முடிதிருத்துபவனாக இருக்கிறான். நாவலில் துப்பறிவாளன் அவன் நாற்காலியில் அமர்ந்து முகச்சவரம் செய்துகொண்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போய், “ஆள் கிடைக்கவில்லை” என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுகிறான். படத்தில் அதை மாற்றிவிட்டார்கள். உண்மையைச் சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டே வருகிறான். துப்பாக்கிச் சூட்டில் முடிகிறது.

ரகுவுக்கு நாவலின் முடிவுதான் சரி. “விட்டிட்டுப் போறதுதான்டா பெரிய மனுசத்தனம்” என்பான். எனக்குப் படத்தின் முடிவு சரி. “அவளுக்குத் தெரியவேணும். அவள்தானே தேடினவள்” என்பேன். நாங்கள் இதைப் பற்றிச் சண்டை பிடித்த அளவுக்கு அரசியலைப் பற்றிச் சண்டை பிடித்ததில்லை.

3

தொண்ணூறில் நான் லண்டன் வந்துவிட்டேன். ரகு சாந்தினியைக் கலியாணம் முடித்தான். மகள் துளசி பிறந்தாள். குடாநாடு இராணுவத்தின் கைக்குப் போன பிறகு, ஒரு காலையில் வேலைக்குப் போனவனைச் சோதனைச்சாவடியில் இறக்கி, முகத்தை மூடியிருந்த ஒருவன் தலையாட்டினான் என்று வண்டியில் ஏற்றினார்கள். பஸ்ஸில் இருந்த ஏழெட்டுப் பேர் கண்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஆள் இல்லை.

சாந்தினி எனக்கு எழுதிய கடிதங்கள் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய இருக்கின்றன. அவளுக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. முகாம் முகாமாகப் போனாள். விசாரணைக்குழு வரும்போதெல்லாம் போய் ஒரே சாட்சியத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது தேய்ந்து மனப்பாடம் செய்த பாடம் மாதிரி ஆகிவிட்டது என்று எழுதினாள். பிறகு வீதியோரக் கொட்டிலில், பிள்ளைகளைத் தேடும் தாய்மாரோடு ரகுவின் படத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள்.

இங்கே நானும் அதே படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வருடம் ஒருமுறை, நகர நடுவில் நடக்கும் போராட்டத்தில், குளிருக்குள். ரகுவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, பிளாஸ்ரிக் உறை போட்டு வைத்திருந்தேன்.

நான் செய்வது மொழிபெயர்ப்பு வேலை. வழக்குமன்றம், வைத்தியசாலை, குடிவரவு நேர்காணல் என்று கூப்பிடும் இடத்துக்கெல்லாம் போவேன். ஒரு முறை ஒரு தாயின் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் சொன்னபோது, “ஹீ வோஸ் டிஸப்பியேர்ட்” என்றேன். எதிரே இருந்த இளம் அதிகாரி இலக்கணப் பிழை என்று நினைத்து, மரியாதையாகத் திருத்தினாள். ‘ஹீ டிஸப்பியேர்ட்’ என்று வரவேண்டுமாம். நான் விடவில்லை. “மன்னிக்கவும், அந்தத் தாய் காணாமல் போனவன் என்று சொல்லவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவன் என்றுதான் சொன்னார். போவது வேறு, ஆக்கப்படுவது வேறு” என்று பத்து நிமிடம் விளக்கினேன். அவள் எழுதிக்கொண்டாள். அன்று வீடு இருக்கிற செவன் கிங்ஸ் வரும்வரை ரயிலில் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு சொல்லையாவது ரகுவுக்காகக் காப்பாற்றிவிட்டேன் என்ற எண்ணம்.

4

படமாளிகையில் முப்பது பேர்கூட இல்லை. பெரும்பாலும் வெள்ளைக்காரக் கிழவர்கள், நடுவில் அபியைப் போல நாலைந்து இளசுகள். நாங்கள் பின்பக்கம் இருந்தோம். விளக்கு அணைய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒருவர் வந்தார். கம்பளித் தொப்பி, தடித்த கண்ணாடி. இடது தோளைச் சற்று இறக்கி வைத்துக்கொண்டு நடக்கும் நடை.

கையில் சோளப்பொரி வைத்திருந்தார்.

இருபத்தெட்டு வருடமாக நான் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதன், சோளப்பொரி வாங்கிக்கொண்டு படம் பார்க்க வந்திருந்தான்.

“ரகு,” என்றேன். என்னை அறியாமலே வந்துவிட்டது. அவன் திரும்பிவிட்டான். திரும்பிய பிறகுதான் திரும்பியிருக்கக்கூடாது என்று உணர்ந்தான். அது முகத்தில் தெரிந்தது.

“சொறி?” என்றான் ஆங்கிலத்தில். “யூ ஹாவ் த ரோங் பேர்சன்.” பிறகு இரண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்தான்.

“ஹூ இஸ் இற், அப்பா?” என்றாள் அபி.

“ஒருத்தருமில்லை.”

படம் ஓடியது. நான் திரையைப் பார்க்கவில்லை. அந்தத் தொப்பியின் பின்பக்கத்தைத்தான் ஒன்றே முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து ஓடிவிடுவான் என்று நினைத்தேன். ஓடவில்லை. சோளப்பொரியைக்கூட இடைக்கிடை சாப்பிட்டான். வேறு ஆள்தான், நமக்குத்தான் மூளை பிசகிவிட்டது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். தேற்றிக்கொண்டேன் என்றுதான் சொல்லவேண்டும். அவன் உயிரோடு இருக்கவேண்டும் என்று அத்தனை வருடம் வேண்டியவன், அது அவனாக இருக்கக்கூடாது என்று அந்த இருட்டில் வேண்டினேன்.

விளக்கு வந்தது. எல்லோரும் போன பிறகும் அவன் எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை. கடைசியில் திரும்பாமலே தமிழில் சொன்னான்.

“முடிவு இப்பவும் பிழைதான், மச்சான்.”

5

எதிரே இருந்த கோப்பிக்கடைக்குப் போனோம். அபி வேறு மேசையில் இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரகு தொப்பியைக் கழற்றவில்லை. கோப்பையைப் பிடித்த வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. நகம் இருக்கவேண்டிய இடத்தில் தோல் மினுங்கியது.

அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவனைப் பிடித்தது பொய்யில்லை. எட்டு மாதம் வைத்திருந்தார்கள், அதுவும் பொய்யில்லை. அந்த விரல்களுக்குச் சாட்சியம் தேவையில்லை. கொழும்பில் ஒரு தடுப்பு நிலையத்திலிருந்து ஒரு நாள் காரணம் சொல்லாமல் வெளியே விட்டார்களாம். பிடித்ததற்கும் காரணம் சொல்லவில்லையே.

“வீட்டை அறிவிச்சிருக்கலாமே?”

“அறிவிச்சா அவங்கள் திரும்ப வருவாங்கள் எண்டு பயம். என்னைத் தேடிக்கொண்டு சாந்தினியிட்டைப் போவாங்கள். முதல் வெளியிலை போவம், பிறகு கூப்பிடுவம் எண்டு நினைச்சன். ஏஜென்சிக்காரன் வேற ஒருத்தன்ரை பாஸ்போட்டிலை அனுப்பினவன். அதிலை இருந்த பேர்தான் இப்ப என்ரை பேர்.”

“பேந்து ஏன் கூப்பிடேல்லை?”

அவன் கோப்பையைத் தட்டில் இரண்டு தரம் திருப்பினான்.

“அகதிக் கேஸ் எழுதினவன் கேட்டான், குடும்பம் எங்கை எண்டு. ஊரிலை எண்டன். அப்பிடியெண்டா கேஸ் நிக்காது எண்டான். மனுசியும் பிள்ளையும் ஷெல்லிலை செத்துப்போச்சினம் எண்டு எழுதினவன். நான் கையெழுத்து வைச்சன்.”

என் கண் அந்த இரண்டு விரல்களுக்குப் போனது.

“ஆறு வருசம் இழுத்தது. பேப்பர் வந்தது. செத்தவையை எப்பிடி மச்சான் ஸ்பொன்சர் பண்ணுறது? உண்மையைச் சொன்னா என்னையும் திருப்பி அனுப்புவாங்கள். அடுத்த வருசம் ஏதாவது செய்வம், அடுத்த வருசம் செய்வம் எண்டு... லூயிஷாமிலை ட்றை கிளீனிங் கடை வைச்சிருக்கிறன். இஞ்சை வேறை ஒருத்தியைக் கட்டினன். ரண்டு பெடியள். அவளுக்கு ஒண்டும் தெரியாது.”

“நான் உன்ரை படத்தை வைச்சுக்கொண்டு நிண்டனான்,” என்றேன். எனக்கு வேறு பேச்சு வரவில்லை. “ஒவ்வொரு வருசமும்.”

“தெரியும். ரண்டு தரம் கண்டனான்.”

“என்ன?”

“முதல் தரம் தற்செயலாக் கண்டது. பஸ்ஸிலை போகேக்கை. அடுத்த வருசம் நீ நிக்கிறியோ எண்டு பாக்க வந்தனான். அந்தப் பக்கத் தெருவிலை நிண்டு பாத்தன். நல்ல மழை. நீ என்ரை படத்துக்குக் குடை பிடிச்சுக்கொண்டு நிண்டனி.” அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “வந்து கதைக்கவேணும் எண்டுதான் ரோட்டைக் கடக்க வெளிக்கிட்டன். பச்சை லைற் விழுந்தது. பேந்து சிவப்பு விழுந்தது. திரும்பிப் போயிட்டன்.”

கோப்பியை அவன் முகத்தில் ஊற்றியிருப்பேன். அபி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாந்தினிக்குச் சொல்லாதை,” என்றான். “அவளுக்கு நான் அங்கை நல்ல மனுசனா இருக்கிறன். துளசிக்கும். அப்பிடியே விட்டிடு.”

அவனுக்குத் துளசியின் இப்போதைய முகம் தெரியாது. அவள் ஆசிரியை என்பது தெரியாது. அவளுக்கு ஒரு குழந்தை இருப்பது தெரியாது. நான் சொல்லவுமில்லை, அவன் கேட்கவுமில்லை.

6

வீட்டுக்கு வரும் ரயிலில் அபிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பாதி தமிழில், பாதி ஆங்கிலத்தில். அவள் கண் கலங்கினாள், அதில் பொய்யில்லை. பிறகு சொன்னாள்:

“அப்பா, இற்ஸ் அன் அமேஸிங் ஸ்ரோறி. யூ நோ தற், ரைற்? நீங்கள் கதைக்கிறதை நான் ரெக்கோட் பண்ணலாமா?”

மனோர் பார்க்கில் இறங்கி வேறு ரயிலில் தன் வீட்டுக்குப் போய்விட்டாள், அங்கேயிருந்துதான் அவளுக்கு வசதியாம். நான் மிச்ச வழி தனியாக வந்தேன். அவளில் கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? சிறு வயதில் அவளை அந்த ஊர்வலங்களுக்கு இழுத்துக்கொண்டு போவேன். குளிரில் பல் கிட்ட, “அப்பா, ஹூ இஸ் தற் மான்?” என்று படத்தைக் காட்டிக் கேட்பாள். “உன்ரை ரகு மாமா” என்பேன். அவள் பார்த்தேயிராத ஒரு மாமாவுக்காக எத்தனையோ சனிக்கிழமைகளைப் பறித்தேன். இப்போது அவளுக்கு அது கதையாகத்தானே இருக்கும்.

சொல்வதா, விடுவதா என்று ஏழு வாரம் இழுபட்டேன். என் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: “சொல்லாதேங்கோ. சாந்தினி இத்தனை வருசம் தாங்கினது போதும்.” ஆனால் என்னைத் தடுத்தது அதுவல்ல. ஊரில் அதிகாரிகள் காலங்காலமாகச் சொல்லும் ஒரு பேச்சு இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்ததுதான்: காணாமல் போனவர்கள் எல்லாம் வெளிநாட்டில் வேறு பெயரில் சுகமாக இருக்கிறார்கள் என்று. அதைக் கேட்கும்போதெல்லாம் நான் மேடையில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசியிருக்கிறேன். இப்போது லூயிஷாமில் ஒருவன் உடுப்பு ஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவன் ஒருவன் அகப்பட்டால் போதும். அந்தக் கொட்டிலில் இருக்கும் ஒவ்வொரு தாயின் முகத்திலும் அவனைத் தூக்கி எறிவார்கள். திரும்பி வராத அத்தனை பேரையும் அவனுடைய பொய்யால் மூடிவிடுவார்கள்.

அப்படியென்றால் ஏன் சொன்னேன்? நேர்மையாகச் சொல்வதானால், நியாயத்துக்காக அல்ல. அந்த மழையும் குடையும் மனதை விட்டுப் போகவில்லை. அவன் பச்சை லைட்டுக்கு நின்று, சிவப்பு லைட்டுக்குத் திரும்பிப் போன காட்சி. என்னால் தனியாகச் சுமக்க ஏலவில்லை. சுமக்கத் தெரியாதவன் அதை இறக்கி வைக்கத் தெரிந்தெடுத்த தோள், ஏற்கெனவே இருபத்தெட்டு வருடம் சுமந்த தோள்.

7

ஒரு ஞாயிறு காலை சாந்தினிக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே பின்னேரம். சாந்தினி கொட்டிலிலிருந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். மழை பெய்ததாம், தகரம் ஒழுகுதாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சொல்லிவிட்டேன். வேலையில் சொல்வது போல ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் சொன்னேன். அப்படித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அவளுடைய பக்கத்து வீட்டு வானொலி கேட்டது.

“கை எப்பிடி இருக்கு?” என்றாள்.

“என்ன?”

“அந்தக் காலத்திலை முகாமுக்குள்ளை இருந்து வந்த ஒரு பெடியன் சொன்னவன், அவற்றை கையை அடிச்சு முறிச்சவங்கள் எண்டு. இத்தனை வருசமா அந்தக் கையைத்தான் நினைச்சுக்கொண்டு படுக்கிறனான். கை எப்பிடி இருக்கு?”

“ரண்டு விரல் மடங்காது. மற்றும்படி சுகம்.”

“பிள்ளையள் இருக்கினமோ?”

“ரண்டு பெடியள்.”

“எங்களைச் செத்ததெண்டு எழுதினவரோ? எழுத்திலையோ?”

“ஓம்.”

“ஷெல்லிலை?”

“ஓம் தங்கச்சி.”

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். “அண்ணை, இதை இஞ்சை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ,” என்றாள். “துளசிக்கும் வேண்டாம். கொட்டிலிலை எனக்குப் பக்கத்திலை இருக்கிறவையின்ரை பிள்ளையள் ஒருத்தரும் லண்டனிலை இல்லை. உங்களுக்கு விளங்குதோ?”

“விளங்குது.”

“விளங்கினபடியாத்தான் ஏழு கிழமை பொறுத்தனீங்கள் போல,” என்றாள். “இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.” வைத்துவிட்டாள்.

பிறகு இரண்டு மாதம் என் அழைப்புகளை எடுக்கவில்லை. ஒரு நாள் வழக்குமன்றத்தில் இடைவேளையின்போது வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மரணச் சான்றிதழ். ரகுவின் முழுப்பெயர், பிறந்த திகதி, தொழில், இறந்தவரின் மனைவி என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்து.

ஊரில் இருப்பவர்களுக்கு இதன் அர்த்தத்தை விளக்கத் தேவையில்லை. இங்கே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இத்தனை வருடமும் பிரதேச செயலகத்திலிருந்து ஆள்மாறி ஆள் வந்து, இந்தச் சான்றிதழை எடுங்கள், விசயத்தை முடியுங்கள் என்று அந்தத் தாய்மாரை நெருக்கியிருக்கிறார்கள். அவர்கள் எடுக்கவில்லை. எடுத்தால் பிள்ளை செத்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், பிடித்தவனை யாரும் கேட்கமாட்டார்கள். சாந்தினிதான் அதில் எல்லோரையும்விடப் பிடிவாதமாக நின்றவள். ஒரு முறை விண்ணப்பப் படிவத்தை அதிகாரியின் முன்னாலேயே கிழித்தாள். அவன் இருக்கிறானா என்று தெரியாத காலம் முழுக்கச் சாகவிடாமல் வைத்திருந்தாள். இருக்கிறான் என்று தெரிந்த பிறகு தானே போய் விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள்.

படத்தின் கீழே ஒரு வரி: “அண்ணை, இதை இங்கிலிசிலையும் மாத்தி அவரிட்டைக் குடுத்துவிடுங்கோ.”

மாற்றினேன். என் வாழ்க்கையில் எத்தனையோ மரணச் சான்றிதழ்களை மாற்றியிருக்கிறேன். முத்திரை குத்தி, ‘உண்மையான, சரியான மொழிபெயர்ப்பு’ என்று கையெழுத்து வைத்தேன்.

லூயிஷாம் கடைத்தெருவில் அந்தக் கடையைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. உள்ளே நீராவியும் இரசாயன மணமும். பிளாஸ்ரிக் உறைக்குள் வரிசையாகக் கோட்டுகள் தொங்கின. ரகு தாள்களை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கிட்டக் கொண்டுபோய் வாசித்தான். இரண்டு தாளையும் வாசித்தான்.

“காரணம் எண்ட இடத்திலை ஒண்டும் எழுதேல்லை,” என்றான்.

“தெரியாதெண்டு விட்டிருப்பினம்.”

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: “ஆரப்பா?”

“ஒரு கஸ்ரமர்,” என்றான் அவன்.

தாள்களை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அவன் தோள்கள் இறங்கின. இடது தோள் மட்டும் அல்ல, இரண்டும். நான் அவன் அழப்போகிறான் என்று நினைத்தேன். அது அழுகை இல்லை. பாரம் இறங்கியவனின் மூச்சு. “தாங்க்ஸ் மச்சான்,” என்றான் மெதுவாக. “அவளுக்கும் சொல்லு.”

நான் சொல்லவில்லை. அந்த இரண்டு சொல்லை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்காமல் வந்துவிட்டேன்.

8

போன கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அம்மா தொலைபேசி எடுத்தார். கொட்டிலில் முன்னுக்கு நிற்பவர். அவருடைய மூத்த மகனும் மருமகனும் ஒரே நாளில் பிடிபட்டுப் போனவர்கள். லண்டனில் நடக்கும் கூட்டங்களுக்கு என்னோடுதான் தொடர்பு வைத்திருப்பார்.

“தம்பி, இனி அந்த ரகுவின்ரை படத்தை அங்கை பிடிக்கவேண்டாம்,” என்றார். “லிஸ்ற்றிலை இருந்து பேரை எடுத்துப்போட்டம். சாந்தினி சைன் வைச்சிட்டாள்.”

“கேள்விப்பட்டனான் அம்மா.”

“எங்களுக்குச் சொல்லாமல் போய் வைச்சிருக்கிறாள். எவ்வளவு குடுத்தாங்களோ, என்ன வெருட்டினாங்களோ! கேட்டால் வாய் திறக்கிறாள் இல்லை. கொட்டிலுக்கு வராதை எண்டு சொல்லிப்போட்டம். அப்பவும் ஒண்டும் சொல்லேல்லை. தான் இருந்த கதிரையை மடிச்சு ஓரமா வைச்சிட்டுப் போயிட்டாள். தாங்கேலாமல்தான் கேக்கிறன் தம்பி. எங்களிலை உறுதியா நிண்டவள் அவள்தான். உங்களோடை அடிக்கடி கதைக்கிறவள். ஏன் இப்பிடிச் செய்தவள் எண்டு உங்களுக்கு ஏதும் தெரியுமோ?”

“தெரியாது அம்மா,” என்றேன்.